ரெவ்யூ: இசைக் கதம்ப அரங்கு

திருகோணமலையில் ஊரவர் குழு ஒன்று, கணவனும் மனைவியுமான ஒரு சோடியையும் சேர்த்துக்கொண்டு ‘மியூசிக்கல் ரெவ்யூ’ மேடையேற்ற விரும்பினால், அதற்குத் தமிழில் என்ன பெயர், அதை எப்படி அமைப்பது? ‘மியூசிக்கல் ரெவ்யூ’ என்பதை ‘இசை மதிப்புரை’ என்று தமிழாக்கிப் பதாகை அடித்தால், யாரோ இசையை விமர்சனம் செய்யப் போகிறார்கள் என்றுதான் மண்டபத்துக்கு வருபவர் நினைப்பார். ஆங்கிலத்தில் மேடை நிகழ்ச்சியைக் குறிக்கும் ‘revue’, மதிப்புரையைக் குறிக்கும் ‘review’ என்ற இரண்டு சொற்களுக்கும் உச்சரிப்பு ஒன்றே, எழுத்து மட்டும் வேறு. காதால் கேட்டு மொழிபெயர்த்தால் இந்தப் பிழை வந்தே தீரும்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘ருவ்வார்’ என்றால் மறுபடி பார்த்தல். அதிலிருந்து பிறந்தது ‘ரெவ்யூ’. 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில், ஆண்டு முடியும் வேளையில் அந்த ஆண்டின் சங்கதிகளைப் பாட்டும் பகிடியுமாக மேடையில் திரும்பிப் பார்ப்பார்கள். புதிய சட்டம், விலையேற்றம், பெரிய மனிதரின் தடுமாற்றம் எல்லாம் அதில் வரும். அந்த ஆண்டிறுதிக் காட்சிக்கு வைத்த பெயர்தான் இது. பின்னர் அமெரிக்காவுக்குப் போனது. நியூயோர்க்கில் 1907இல் தொடங்கிய ‘சீக்ஃபெல்ட் ஃபொலீஸ்’ போன்றவற்றில் கிண்டல் மெலிந்து, உடையும் ஆட்டமும் பெருத்தன. இன்று அந்தச் சொல்லுக்குப் பொருள் இதுதான்: ஒரே கதை இல்லாமல், பாட்டு, ஆட்டம், குறுநாடகம் ஆகியவற்றை ஒரு கருப்பொருளில் கோத்த மேடை நிகழ்ச்சி.

கோத்த என்பதுதான் உயிர். கோர்வை இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி இறக்கினால் அது ‘வெரைட்டி’, நம் பாடசாலைக் கலைவிழா மாதிரி. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை ஒரே கதை ஓடினால் அது இசை நாடகம். ரெவ்யூ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஈழத்தில் ‘இசை நாடகம்’ என்றால் அது தனி மரபு. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்தது, காங்கேசன்துறை நடிகர் வி. வி. வைரமுத்துவின் ‘அரிச்சந்திர மயான காண்டம்’தான் உடனே நினைவுக்கு வரும். எனவே ‘இசை நாடகம்’ என்று தலைப்பிட்டால் திருகோணமலை ரசிகர் ஆர்மோனியத்தையும் விருத்தத்தையும் எதிர்பார்த்து வருவார். ‘கம்யூனிற்றி தியேட்டர்’ என்பதைச் ‘சமூக நாடகம்’ ஆக்குவதும் தவறு. சமூக நாடகம் என்பது புராண நாடகத்துக்கு எதிர்ச்சொல். யார் நடிக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. ஊரவர்கள் சம்பளமின்றிக் கூடி நடத்துவதை ‘ஊரவர் அரங்கு’ என்று நேராகச் சொல்லலாம்.

சரியான தமிழ் எது? ‘கலவை’ பொருந்தாது, அதில் கோக்கும் இழை இல்லை. ‘பல்சுவை நிகழ்ச்சி’ வெரைட்டிக்கே போய்விட்டது. ‘தொடை’ அழகான பழந்தமிழ்ச் சொல். தொடுத்தது என்று பொருள். ஆனால் பேச்சு வழக்கில் வேறு பொருள் முந்திக்கொள்ளும். ‘கோவை’ நல்ல தமிழ், நூற்பெயராகவே பழகிவிட்டது. கதம்பம் வடமொழிவழி வந்ததுதான். ஆனாலும் பல நிறப் பூவை ஒரே நாரில் தொடுத்த மாலையை எவருக்கும் அது கண்முன் நிறுத்துகிறது. பூ வேறு, நார் ஒன்று. ரெவ்யூவுக்கு இதைவிடக் கிட்டிய உவமை கிடைக்காது. ஆகவே ‘கதம்ப அரங்கு’. பாட்டு முதன்மையானால் ‘இசைக் கதம்ப அரங்கு’. தூய தமிழே வேண்டும் என்பவர்கள் ‘அரங்கக் கோவை’ என்று எழுதலாம். ‘ஐட்டம்’ என்பதற்கு ‘உருப்படி’ ஏற்கெனவே உண்டு.

இனி நார். பிரெஞ்சு ரெவ்யூவில் உருப்படிகளை இணைக்க ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வருவார்கள்: ‘கொம்பேர்’, ‘கொமேர்’. ஞானத்தந்தை, ஞானத்தாய் என்பது அச்சொற்களின் மூலப்பொருள். நம் கூத்தில் அந்த வேலையைக் கட்டியக்காரன் செய்கிறான். கணவனும் மனைவியுமாக ஒரு சோடி குழுவில் இருந்தால், அவர்களுக்கு மிகப் பொருத்தமான இடம் இந்தக் கட்டியக்காரன், கட்டியக்காரி வேடம்தான். சேர்ந்து நடித்த இணையர் தமிழ் மேடைக்குப் புதியவர்கள் அல்லர். 1920களில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இலங்கை மேடையில் ஒன்றாக நடித்து, பின் மணம் செய்தவர்கள்.

திருகோணமலைக்குக் கருப்பொருள் தேடி அலையத் தேவையில்லை. சொல்லின் பழைய பொருளுக்கே திரும்பி, ஓராண்டை மேடையில் மீளப் பார்க்கலாம்: தைப்பொங்கல், சிவராத்திரி கழிந்து கோணேசர் நகர்வலம், கச்சான் காற்றில் வெந்த ஆடி, தம்பலகாமத்து வயல், வாடை மழை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று உருப்படி. இடையில் அதே சோடி, வீட்டு முற்றத்தில் நாட்காட்டித் தாள் கிழிப்பதாக வந்து போகட்டும்.

கணக்கைப் பாருங்கள். 16 உருப்படி, சராசரி நாலரை நிமிடம் என்றால் 72 நிமிடம். உருப்படிகளுக்கு நடுவே வரும் இடைவெளிகள் 15. ஒவ்வொன்றும் அரை நிமிடமானால் மொத்தம் 80 நிமிடத்துக்குள் முடியும். இரண்டு நிமிடமானால் 102. பெரும்பாலான நிகழ்ச்சிகள் சலிப்பது பாட்டால் அல்ல, அந்த இருட்டு இரண்டு நிமிடத்தால். இணைப்புச் சோடி திரைக்கு முன் 40 வினாடி பேசினால், பின்னால் மேசை நாற்காலி மாறிவிடும். அதனால் இணைப்பு வசனத்தை ஓசை குறைந்த இடத்தில் வைத்து, நேரம் அளந்து எழுதவேண்டும்.

அவர்களே பாடவும் செய்தால் சுருதிதான் முதல் தகராறு. ‘டூயட்’ இத்தாலிய மொழியில் ‘இரண்டு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘இருகுரல் பாட்டு’ என்றாலே போதும், சோடிப் பாட்டு என்பதும் நம் வழக்குத்தான். சுருதியின் உயரத்தைக் ‘கட்டை’ என்று எண்ணால் சொல்வோம். பொதுவாக ஆண் 1 முதல் 2 கட்டையிலும், பெண் 5 முதல் 6 கட்டையிலும் இலகுவாகப் பாடுவர். ஒரே சுருதியில் கட்டினால் ஒருவர் மேலே கத்துவார், அல்லது மற்றவர் கீழே முனகுவார். கணவருக்கு 1, மனைவிக்கு 5 என்று வைத்துப் பாருங்கள்: அவரின் பஞ்சமமே (‘ப’) இவரின் ஷட்ஜம் (‘ச’). எனவே சரணத்தை அவரவர் சுருதியில் வைத்து, இடையிசையில் எட்டு அட்சரம் விட்டு மாற்றினால் காதுக்கு உறுத்தாது. சேர்ந்து பாடுவதை இரண்டு வரிக்குள் அடக்கி, இருவருக்கும் பொதுவான சுரங்களுக்குள்ளேயே மெட்டை வையுங்கள். ஒரே சுருதியில் பதிந்த கரோக்கே தடத்தில் இந்த மாற்றம் எளிதல்ல, கீபோர்ட்காரர் இருந்தால் நல்லது.

ஒலிவாங்கி இரண்டு என்றால், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இரண்டு மைக்குக்கும் இடையில் இருக்கட்டும். வாய்க்கு 2 அங்குலம் என்றால், இடைவெளி 6 அங்குலம். நெருங்கினால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் புகுந்து, உள்ளீடற்ற டப்பாச் சத்தமாகும்.

கணவன் மனைவிக்கே உரிய பிழைகளும் சில உண்டு. வீட்டில் பேசும் பழக்கத்தில் முழுதாக ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பார்கள். சபைக்குக் கன்னம் மட்டும் தெரியும், குரல் பக்கத்திரைக்குப் போகும். பாதத்தைச் சபையை நோக்கிச் சாய்த்து, தலையை மட்டும் திருப்பவேண்டும். ஒத்திகையில் ஒருவர் பிழையை மற்றவர் உடனே திருத்துவார். அதை நெறியாளருக்கே விட்டுவிட முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்தால் வசன முடிவு மற்றவர்களுக்குத் தெரியாமல் போகும். வாரத்தில் ஒரு நாளாவது முழுக் குழுவோடு பழகவேண்டும். இருவருக்கும் ஒன்றாகவே காய்ச்சல் வரக்கூடும். ஆகவே அவர்களின் தனி உருப்படிகளை மூன்றுக்குள் நிறுத்தி, இணைப்பு வசனத்தை இன்னும் ஒருவருக்குப் பாடமாக்கி வையுங்கள். சின்னப் பிள்ளை இருந்தால், மேடைக்குப் பின்னால் யார் கையில் என்பதும் நிகழ்ச்சி நிரலில் எழுதவேண்டிய விடயம்.

சேலை மாற்றப் பத்து நிமிடம் போகும். கொய்யகத்தை முன்பே மடித்துத் தைத்து, இடுப்பில் கொளுக்கி வைத்தால் இரண்டே நிமிடம். இணைப்பு வேடத்துக்கு ஒரே உடுப்புப் போதும். சால்வை மட்டும் மாறட்டும்.

நாளைக் குறிக்கும்போது கார்த்திகை, மார்கழியைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். வாடை மழை தகரக் கூரையில் அடித்தால் எந்தச் ‘சவுண்ட்’ காரராலும் மென்மையான பாட்டைக் காப்பாற்ற முடியாது. கச்சான் காலத்தில் தொண்டை வறளும். பக்கத்திரை ஓரத்தில் குளிரில்லாத தண்ணீர் இரண்டு போத்தல், பெயர் எழுதி வையுங்கள். பதாகையில் மேல் வரியாக ‘இசைக் கதம்ப அரங்கு’ என்பதைப் பெரிதாகவும், அதன் கீழே சிறிதாக ‘ஓராண்டைத் திரும்பிப் பார்க்கும் பாட்டும் ஆட்டமும்’ என்றும் அச்சிட்டால், ரெவ்யூ என்ற சொல்லைக் கேள்விப்படாதவருக்கும் விளங்கும்.