சவுண்ட்டிராக்: ஒலித்தடமா, பின்னணி இசையா?

'டிரான்: லெகசி' (2010) படத்தைப் பற்றி எழுதுபவர்கள் "சவுண்ட்டிராக் டாஃப்ட் பங்க்" என்று எழுதுவது வழக்கம். பேச்சில் அது தவறில்லை. அதையே தமிழாக்கி "ஒலித்தடத்தை டாஃப்ட் பங்க் அமைத்தது" என்று எழுதினால் செய்தியே மாறிவிடுகிறது. ஒலித்தடம் என்பதற்குள் வசனம் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் சத்தம் இருக்கிறது, காலடி ஓசை இருக்கிறது. அவற்றில் எதையும் டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு மின்னணு இசைக் குழுவின் இருவரும் தொடவில்லை. அவர்கள் செய்தது பின்னணி இசை. சவுண்ட்டிராக் என்ற ஒரே சொல் மூன்று வேறு பொருள்களைச் சுமப்பதால் வரும் குழப்பம் இது. அவற்றுக்குத் தமிழில் பொருத்தமான சொற்கள் இருக்கின்றன. அவற்றைக் கலக்காமல் ஆண்டால் போதும்.

முதல் பொருள், கையால் தொடக்கூடிய ஒன்று. 35 மில்லிமீட்டர் படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத் துளைகளுக்கும் படக்கட்டத்துக்கும் நடுவே, சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில், கறுப்பும் வெளுப்புமாக நெளிந்து ஓடும் ஒரு கோடு தெரியும். ஒலி அலையே அங்கு ஒளியால் அச்சாகியிருக்கிறது. புரொஜெக்டரில் ஒரு விளக்கு மெல்லிய பிளவு வழியாக அந்தக் கோட்டின் மேல் ஒளியைப் பாய்ச்சும். கோட்டின் வெளுத்த பகுதி அகன்று குறுகுவதற்கேற்ப மறுபக்கம் வரும் ஒளி கூடிக் குறையும். ஒளிமின்கலம் அதை மின்னோட்டமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். டிராக் என்ற சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் குதிரை போன தடத்தைக் குறித்த 'திராக்'. ஆகவே இந்தக் கோட்டுக்கு 'ஒலித்தடம்' என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் சொல்லின் வேரையும் பிடித்திருக்கிறார், பொருளின் உருவத்தையும் பிடித்திருக்கிறார்.

இந்தத் தடத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு படக்கட்டத்துக்கு உரிய ஒலி அதன் பக்கத்திலேயே அச்சாவதில்லை. சுமார் 20 கட்டம் முன்னதாக அச்சாகும். காரணம் எளிது. படத்தின் மேல் ஒளி பாயும் ஒளிவாயிலில் சுருள் கட்டம் கட்டமாக நின்று நின்று நகர வேண்டும். ஒலி படிக்கும் இடத்திலோ அது வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் குரல் நடுங்கும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. வினாடிக்கு 24 கட்டம் என்ற வேகம் நிலைபெற்றதும் பேசும் படம் வந்த பிறகுதான். அதற்கு முன் வேகம் முன்பின்னாக இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஒலி வந்தபின் வேகம் மாறினால் சுருதியும் மாறிவிடும்.

இரண்டாவது பொருள் அதிலிருந்து விரிந்தது: அந்தத் தடத்தில் அச்சாகும் எல்லாமும், அதாவது வசனம், இசை, ஓசைகள் மூன்றும் கலந்த முழு ஒலி. இதற்கும் ஒலித்தடம் என்ற சொல் பொருந்தும். இன்று படச்சுருளே இல்லாமல் கோப்பாக வந்தாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது பொருள் கடையில் விற்பது: படத்தின் இசையைத் தட்டாகவோ, குறுந்தகடாகவோ, இணையத்திலோ வெளியிடும் தொகுப்பு. இதற்கு 'இசைத்தொகுப்பு' என்பதே சரி. பாட்டு மட்டும் இருந்தால் 'பாடல் தொகுப்பு'.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று, காட்சிக்காக இசையமைத்த பகுதி. ஆங்கிலத்தில் அதன் பெயர் ஸ்கோர். பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்கோர்' என்றால் கத்தியால் இட்ட கீறல். ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிய பல வாத்தியங்களின் வரிகளைச் சேர்த்து மேலிருந்து கீழாகக் கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டின் பெயர் தாளுக்கு ஆகி, தாளின் பெயர் இசைக்கு ஆகிவிட்டது. தமிழில் எழுதிய தாளுக்கு 'இசைக்குறிப்பு', கேட்கும் இசைக்குப் 'பின்னணி இசை' என்று பிரித்துக்கொள்ளலாம்.

பின்னணி என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'பின்னணிப் பாடகர்' என்கிறபோது திரைக்குப் பின்னால் இருந்து நடிகருக்காகப் பாடுபவர் என்று பொருள். 'பின்னணி இசை' என்கிறபோது காட்சியின் பின்புலமாக ஓடும் இசை. சொல் ஒன்று, வேலை இரண்டு. பழக்கத்தில் யாரும் குழம்புவதில்லை என்பதால் மாற்றத் தேவையில்லை. கோடம்பாக்கத்தில் புழங்கும் 'ரீரெக்கார்டிங்', சுருக்கமாக 'ஆர்.ஆர்.', வேறு கதை. ஏற்கெனவே பதிவான வசனம், இசை, ஓசைகளை ஒன்றாகக் கலந்து மறுபடி பதிவு செய்வதே அந்தச் சொல்லின் மூலப்பொருள். ஹாலிவுட்டில் ரீரெக்கார்டிங் மிக்ஸர் என்றால் இன்றும் அந்த ஒலிக்கலவையாளர்தான். நம் வழக்கில் அது பின்னணி இசை அமைக்கும் வேலையையே குறிக்கத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டுப் படத்தின் பெயர்ப் பட்டியலை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் அடிக்கடி சறுக்குகிறார்கள்.

மின்னணு இசை சினிமாவுக்குள் வந்தபோது பெயரே பிரச்சினையானது. 1956இல் எம்.ஜி.எம். வெளியிட்ட 'ஃபர்பிடன் பிளானட்' படத்துக்கு லூயி பாரன், பீபி பாரன் தம்பதி நியூயார்க்கில் தாங்களே பூட்டிய வால்வு மின்சுற்றுகளை வைத்து ஒலிகளை உண்டாக்கினார்கள். சுற்றைத் தாங்கும் அளவுக்கு மேல் தூண்டி, அது கதறி அடங்குவதை நாடாவில் பதிந்து, வெட்டி ஒட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து அடுக்கினார்கள். கருகிப்போன சுற்றிலிருந்து அதே ஒலியை மறுபடி எடுக்க முடியாது என்பதால் நாடாவில் விழுந்ததே முதலும் கடைசியும். முழுக்க மின்னணுக் கருவிகளால் ஆன முதல் திரைப்பட இசை என்று அதைச் சொல்வார்கள். ஆனால் இசைக்கலைஞர் சங்கத்தோடு தகராறு வராமல் இருக்க, பெயர்ப் பட்டியலில் 'இசை' என்ற சொல்லே போடவில்லை. 'எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்' என்று போட்டார்கள். மின்னணு நாதங்கள் என்று சொல்லலாம்.

எலக்ட்ரானிக் என்பதற்குத் தமிழ்நாட்டில் 'மின்னணு', இலங்கையில் 'இலத்திரனியல்'. மூலம் கிரேக்கத்தில் அம்பர் பிசினைக் குறித்த 'எலெக்ட்ரான்'. இரண்டும் நிலைத்த சொற்கள். எழுதுபவர் தம் ஊர் வழக்கைக் கடைப்பிடித்தால் போதும். சிந்தசைசர் 'சேர்த்து வைத்தல்' என்ற கிரேக்க வேரிலிருந்து வந்தது. 'ஒலித்தொகுப்பி' என்பது நல்ல ஆக்கம்தான். ஆனால் பக்கத்திலேயே 'இசைத்தொகுப்பு' வரும் கட்டுரையில் இரண்டும் மோதும். அங்கு சிந்தசைசர் என்றே விடுவது வாசகருக்கு நல்லது.

மின்னணு இசைக்குழு ஒன்று படத்துக்கு இசையமைக்கிறது என்றால் வழிகள் இரண்டு. எட்கர் ஃப்ரோஸ் 1967இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய டேஞ்சரின் டிரீம், வில்லியம் ஃபிரெட்கினின் 'சார்சரர்' (1977) படத்துக்குக் காட்சிகளைப் பார்க்காமலே இசையமைத்தது. திரைக்கதை மட்டும் கையில் இருந்தது. இயக்குநர் இசையை வைத்துக்கொண்டு படத்தை வெட்டினார். இங்கு இசை நிற்கிறது, படம் நகர்கிறது. டாஃப்ட் பங்க் போனது மற்ற வழி. சிந்தசைசரோடு 85 பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவை லண்டன் ஏர் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசையை விரித்து எழுத ஜோசப் டிரபனீஸ் உடன் இருந்தார். இந்த வழியில் இசை படத்துக்கு வளைந்துகொடுக்க வேண்டும். கிளப் காட்சியில் அந்த இருவரும் முகமூடியோடு திரையிலேயே தோன்றி இசைத்தட்டு ஓட்டுகிறார்கள். பாத்திரங்களின் காதில் விழும் அந்த இசையைப் பின்னணி இசை என்று சொல்லக்கூடாது; 'காட்சிக்குள் ஒலிக்கும் இசை' என்பதே பொருத்தம்.

இரண்டாவது வழியில்தான் 'டிராக்' போடுபவர்கள் தடுமாறுவார்கள். நடனத்துக்கான டிராக் ஆறேழு நிமிடம் ஒரே டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை பீட் என்ற ஒரே வேகத்தில், ஓடும். படத்தில் வேலையின் அலகு 'கியூ': ஒரு காட்சியில் இசை தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை. 1எம்1 என்றால் முதல் ரீலின் முதல் கியூ. கியூவின் நீளத்தை முடிவு செய்வது படத்தொகுப்பு.

கணக்கு இப்படிப் போகும். வினாடிக்கு 24 கட்டம் என்றால் நிமிடத்துக்கு 1440. அதை டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை கட்டம் என்று வரும். 120 டெம்போவில் 12 கட்டம். 128இல் 11.25 கட்டம், நான்கு பீட் கொண்ட ஒரு பாருக்கு 45 கட்டம். கியூ தொடங்கி 41 வினாடி 16 கட்டத்தில், அதாவது 1000ஆவது கட்டத்தில், கதவு வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 22 பார் 990இல் முடிந்துவிடும். அடுத்த பாரின் முதல் பீட் அங்கேயே அடித்துவிட, வெடிப்பு 10 கட்டம் தாமதமாக வரும். அரை வினாடிக்குச் சற்றுக் குறைவு என்றாலும் பார்ப்பவருக்கு அப்பட்டமாகத் தெரியும். டெம்போவை 126.72 ஆக்கினால் 22 பார் சரியாக 1000இல் வந்து இறங்கும். அல்லது 128.16 ஆக்கி, நடுவில் ஒரு பாரை ஐந்து பீட்டாக நீட்டினாலும் இறங்கும்.

ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் என்றால் வாசிப்பவர் காதில் தாளம் தட்டும் கிளிக்கை மாற்றினால் முடிந்தது. மின்னணு இசையில் டெம்போவோடு கட்டியிருக்கும் மற்றவையும் மாற வேண்டும். புள்ளி வைத்த எட்டாம் சுர எதிரொலி, அதாவது முக்கால் பீட் இடைவெளியில் திரும்பி வரும் ஒலி, 128இல் 351.6 மில்லிவினாடி, 126.72இல் 355.1. கையால் எண் போட்டு வைத்த எதிரொலிக் கருவி பழைய எண்ணிலேயே நின்றால் ஒவ்வொரு எதிரொலியிலும் சிறிது சிறிதாக நழுவி, தாளம் கலங்கியதுபோல் கேட்கும். ஆடியோவாகவே பதிந்த லூப்பை இழுத்தால் டிரம்மின் முதல் அடி மழுங்கும். படத்தொகுப்பு இறுதியாகும்வரை இசையை மிடியாகவே, அதாவது ஒலியாக இல்லாமல் எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பாகவே, வைத்திருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

பழைய அனலாக் சிந்தசைசரில் இன்னொரு தொல்லை. மூக் போன்ற கருவிகளில் ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட். 12 சுரத்தானத்துக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். அறையின் வெப்பம் மாறினாலே சுருதி நகரும். பதிவுக்கு முன் அரை மணி நேரமாவது கருவியைச் சூடேற விடுவார்கள். தனித்தனிப் பகுதிகளைக் கம்பியால் இணைக்கும் மாடுலர் கருவிக்கு நினைவகமும் இல்லை. படத்தொகுப்பாளர் மறுநாள் காட்சியில் நான்கு வினாடி கூட்டினால், கம்பிகளையும் குமிழ்களையும் நேற்று இருந்தபடி வைத்தாலும் அதே ஒலி வருவது அரிது. அதனால் ஒவ்வொரு அமைப்பையும் படம் எடுத்து வைப்பதோடு, நீண்ட சுரங்களைத் தேவைக்கு மேலாகவே பதிந்துகொள்வது நல்லது.

கொடுக்கும் கோப்பிலும் கவனம் வேண்டும். குறுந்தகட்டில் ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து பதிவார்கள், படத்தில் 48,000 முறை. முன்னதை மாற்றாமல் பின்னதாக ஓட்டினால் 128 டெம்போ 139 ஆகும். சுருதி ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் ஏறும். இது கேட்டவுடன் பிடிபடும். வினாடிக்கு 24 கட்டம் என்று கணக்கிட்ட இசையை 23.976 கட்டத்தில் ஓடும் படத்தோடு வைப்பது அதைவிட மோசம். தொடக்கத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். பத்து நிமிடத்தில் 0.6 வினாடி, அதாவது 14 கட்டம், விலகியிருக்கும்.

கலவைக்குப் போகும்போது இசையை ஒரே இரட்டைத்தட (ஸ்டீரியோ) ஒலியாகக் கொடுக்கக்கூடாது. டிரம், பேஸ், சிந்த், ஆர்க்கெஸ்ட்ரா என்று பிரித்துக் கொடுத்தால்தான் வசனம் வரும்போது ஒன்றை மட்டும் தாழ்த்த முடியும். சிந்தசைசரின் பளிச்சென்ற ரம்பப்பல் அலை 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ்வரை நிரப்பிவிடும். மெய்யெழுத்துகளின் தெளிவும் அந்த எல்லையில்தான் இருப்பதால் வசனம் புதைந்துபோகும். கிளப்புக்காக நசுக்கிச் சமன்படுத்திய ஒலியும் திரையரங்கில் களைப்பூட்டும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான தனித்தடத்தில் மட்டும் பேஸை வைத்தால், தொலைக்காட்சிக்காக இரட்டைத்தடமாகச் சுருக்கும்போது அந்தத் தடம் பெரும்பாலும் கைவிடப்படும். பேஸே காணாமல் போகும். முதன்மைத் தடங்களிலும் அது இருக்க வேண்டும்.

இசைத்தொகுப்பையும் பின்னணி இசையையும் ஒன்றென்று எழுதக்கூடாது என்பதற்கு வாஞ்செலிஸ் நல்ல சான்று. அவர் குழு அல்ல, தனி மனிதர்; யமஹா சிஎஸ்-80 சிந்தசைசரை வைத்து 'பிளேட் ரன்னர்' படத்துக்கு இசையமைத்தார். படம் 1982இல் வந்தது. அந்த ஆண்டு கடைக்கு வந்த தட்டில் இருந்தது வேறொரு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த தழுவல். வாஞ்செலிஸின் சொந்தப் பதிவு தனித் தொகுப்பாக 1994இல்தான் வெளியானது. அதிலும் படத்தில் வராத இசை இருக்கிறது, வசனத் துண்டுகள் இசையின் மேல் ஓடுகின்றன, படத்தில் வரும் சில பகுதிகள் இல்லை. அதை "படத்தின் பின்னணி இசை வெளியானது" என்று எழுதுவது பிழை. "ஒலித்தடம் வெளியானது" என்பது அதைவிடப் பெரிய பிழை. "வாஞ்செலிஸின் இசைத்தொகுப்பு 1994இல் வெளியானது" என்று எழுதலாம்.