வளைவில் ஸ்டீயரிங் ஏன் லேசாகிறது?

மதுரை ஆனையூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கார் கிளப் நடத்திய இரண்டு நாள் டிராக் பயிற்சிக்காக, தினமும் வேலைக்குப் போய்வரும் ஹேட்ச்பேக் காரையே எடுத்துக்கொண்டு கோவை செட்டிப்பாளையத்துக்குப் போயிருக்கிறார். ரேஸ் டிராக்கில் ஓட்டுவது அவருக்கு முதல் தடவை. திரும்பி வரும்போது மூன்று சந்தேகங்கள். ஒரு வளைவில் ஸ்டீயரிங் திடீரென்று லேசானது. மேலும் ஒடித்துப் பார்த்தார், கார் திரும்பாமல் நேராகவே போனது. பவர் ஸ்டீயரிங்கில் கோளாறா? பயிற்சியாளர் “வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சிருங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னாரே, ஏன்? நாலைந்து சுற்று ஓடியதும் பிரேக் பெடல் பஞ்சு போல் உள்ளே போனதே, அது எதனால்?

முதல் கேள்விக்குள் இருக்கும் இயற்பியல் அவ்வளவு அழகானது. அதற்கே அதிக இடம் தருகிறேன்.

1,100 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால் முன் டயர் ஒவ்வொன்றின் மேலும் சுமார் 340 கிலோ இறங்குகிறது. டயரில் காற்று 32 பிஎஸ்ஐ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு வந்துவிடும்: ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு சேர்த்து விரித்த ஒரு கையளவுதான். காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் ஓட்டுவதும் இப்படி நான்கு இடங்களின் பொறுப்பு.

டயர் வழுக்காமல் உருண்டால்தான் பிடிப்பு இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் கொஞ்சம்கூட வழுக்காத டயரால் பக்கவாட்டு விசை எதையும் தர முடியாது. வளைவில் போகும் முன் சக்கரம் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறதோ அந்தப் பக்கமே அச்சு அசலாக நகர்வதில்லை. நோக்கும் திசைக்கும் நகரும் திசைக்கும் நடுவே சில டிகிரி வித்தியாசம் இருக்கிறது. அதைச் சறுக்குக் கோணம் என்போம். விசை பிறப்பதே அந்தக் கோணத்திலிருந்துதான்.

தரையைத் தொடும் அந்தக் கையளவு இடத்துக்குள் என்ன நடக்கிறது? டயர் பொறியாளர்கள் இதற்குப் பயன்படுத்தும் கணித மாதிரியின் பெயரே பிரஷ் மாதிரிதான். டயரின் மேல்பரப்பை, நெருக்கமாக நட்ட ரப்பர் குச்சங்கள் கொண்ட பிரஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் உருளும்போது ஒரு குச்சம் முன் விளிம்பில் தரையைத் தொட்டு, தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. அதன் அடி தரையோடு நிற்க, மேல் முனை சக்கரத்தோடு வேறு திசையில் போகிறது. அதனால் குச்சம் வளைகிறது. முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்குப் போகப் போக வளைவு கூடிக்கொண்டே போகிறது. வளைந்த ரப்பர் ஒவ்வொன்றும் நிமிரப் பார்க்கிறது. அந்த முயற்சிகளின் கூட்டுத்தொகைதான் காரை வளைவுக்குள் இழுக்கும் விசை.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முன்பக்கக் குச்சங்கள் கொஞ்சமாகவும் பின்பக்கக் குச்சங்கள் அதிகமாகவும் வளைந்திருக்கின்றன. வரைந்து பார்த்தால் விசைப் பரவல் ஒரு முக்கோணம். முக்கோணத்தின் ஈர்ப்பு மையம் நடுவில் இருக்காது என்பது பத்தாம் வகுப்புக் கணக்கு. தொடும் இடத்தின் நீளம் 12 சென்டிமீட்டர் என்றால், மொத்த விசையும் நடுப்புள்ளிக்கு 2 சென்டிமீட்டர் பின்னால் செயல்படுகிறது. நடுவுக்குப் பின்னால் விழும் விசை, சக்கரத்தைப் பழையபடி நேராக்கப் பார்க்கும் ஒரு முறுக்கைத் தருகிறது. 2,500 நியூட்டன் விசைக்கு அந்த முறுக்கு 50 நியூட்டன் மீட்டர். வளைவில் ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்று கைக்குத் தெரிவதில் பெரும்பங்கு இதுதான். சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வால் வரும் காஸ்டர் விளைவும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினால் சறுக்குக் கோணம் கூடும். பின் விளிம்பில் இருக்கும் குச்சங்கள் ஏற்கெனவே அதிகம் வளைந்தவை. அங்கே டயர் தரையைவிட்டுக் கிளம்பும் நேரம் என்பதால் அழுத்தமும் குறைவு. அதனால் முதலில் பிடி விடுவது அவைதான். வழுக்கும் பகுதி பின்னாலிருந்து முன்னோக்கிப் பரவுகிறது. மொத்த விசை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதன் மையம் முன்னால் நகர்கிறது. 2 சென்டிமீட்டராக இருந்த தூரம் ஒன்றரை ஆகிறது, ஒன்று ஆகிறது, கடைசியில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது. நேராக்கும் முறுக்கும் அதோடு கரைகிறது. ஸ்டீயரிங் லேசாவது இதனால்தான்.

பிரஷ் மாதிரியின் எளிய கணக்கைப் போட்டால், நேராக்கும் முறுக்கு உச்சத்தைத் தொடும்போது பக்கவாட்டு விசை தன் உச்சத்தில் 58 சதவீதத்தில்தான் இருக்கிறது. நிஜ டயரில் எண்கள் கொஞ்சம் மாறும், வரிசை மட்டும் மாறாது. முதலில் கனம் உச்சத்துக்குப் போகும், பிறகு லேசாகும், அதற்கும் பிறகுதான் பிடிப்பு தீரும். சாதாரண சாலை டயரில் முறுக்கின் உச்சம் சில டிகிரியிலேயே வந்துவிடும். பக்கவாட்டுப் பிடிப்பின் உச்சம் வர 6 முதல் 10 டிகிரி வரை ஆகும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் டயர் நம் விரல் நுனிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. யாரும் இதற்கென்று தனிக் கருவி பொருத்தவில்லை. ரப்பர் வளைகிற விதத்திலேயே அது இருக்கிறது. எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் இந்த உணர்வை ஓரளவு மழுக்கும், முழுதாக மறைக்காது.

ஆகவே வாசகரின் பவர் ஸ்டீயரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. டயர் சொன்ன செய்தி சரியாகவே வந்திருக்கிறது. அதற்குக் கொடுத்த பதில்தான் நேர்மாறு. லேசானதும் மேலும் ஒடித்தால் கோணம் உச்சத்தைத் தாண்டிவிடும். கையளவு இடம் முழுவதும் வழுக்கத் தொடங்கும், விசை குறையும், கார் நேராகப் போகும். கூடவே ரப்பர் தேய்ந்து சூடாகி, அடுத்த வளைவுக்கான பிடிப்பும் குறையும். செய்ய வேண்டியது, ஸ்டீயரிங்கை ஒரு நூல் பின்னால் விட்டு ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்துவது. மெல்ல என்பது முக்கியம். காலைப் படக்கென்று எடுத்தால் எடை முன்னால் பாயும், பின் டயர்கள் லேசாகும், வால் சுற்றிக்கொள்ளும்.

எடை இப்படி முன்னும் பின்னும் ஓடுவதில்தான் இரண்டாவது கேள்விக்கான விடையும் இருக்கிறது. நம் 1,100 கிலோ காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில், அச்சுகளுக்கு இடையே 2.45 மீட்டர் என்று வையுங்கள். புவியீர்ப்பின் 0.8 மடங்கு பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 200 கிலோ பின்னாலிருந்து முன்னால் போகிறது. முன்பு 420 கிலோ தாங்கிய பின் அச்சில் மிஞ்சுவது 220 தான். அந்த நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பின் டயர்களுக்குப் பிடித்துக்கொள்ளப் போதிய எடை இல்லை.

இன்னொரு பக்கம், ஒரே டயர் பிரேக்கும் பிடித்து வளையவும் வேண்டுமானால் இருக்கும் பிடிப்பை இரண்டுக்கும் பகிர வேண்டும். இதை வட்டமாக வரைந்து காட்டியவர் ஸ்டுட்கார்ட்டில் பணியாற்றிய ஜெர்மன் பொறியாளர் வூனிபால்ட் காம். அதற்குக் காம் வட்டம் என்றே பெயர். பகிர்வு சாதாரணக் கழித்தல் கணக்கு அல்ல, பிதாகரஸ் கணக்கு. பிரேக்குக்கு 80 சதவீதம் கொடுத்தால் வளைய மிஞ்சுவது 20 அல்ல, 60. பிரேக்கை 60 ஆகக் குறைத்தால் வளைய 80 கிடைக்கும். கைதேர்ந்த ஓட்டுநர்கள் வளைவுக்குள் நுழையும்போதும் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போவது இதனால்தான். முதல்முறை வருகிறவருக்கு அது வேண்டாம். 100 சதவீதம் மிதித்தவருக்கு வளைய மிஞ்சுவது பூஜ்யம். பதற்றத்தில் கால் அந்த அளவை எளிதில் தொட்டுவிடும். பயிற்சியாளர் சொன்னது முழுக்கச் சரி: நேர்ப்பாதையில் பிரேக், அதை விட்ட பிறகு திருப்பம், கார் நிமிர நிமிர ஆக்சிலரேட்டர்.

வளைவின் வேகத்துக்கும் எளிய கணக்கு உண்டு. டயர் சாலையைப் பிடிக்கும் அளவைச் சொல்லும் பிடிப்புக் குணகம் 0.9, வளைவின் ஆரம் 40 மீட்டர் என்றால் உச்ச வேகம் மணிக்கு 68 கிலோமீட்டர் அளவு. வெளியோரத்தில் நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்கு வந்து ஆரத்தை 55 மீட்டராக்கினால் 79. சாலையில் இந்தக் கோடு எதிர்வண்டியின் பாதைக்குள் போய்விடும் என்பதால், டிராக்கைத் தவிர எங்கும் எடுக்கக் கூடாது. கொடைக்கானல் மலைப்பாதையில் 12 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் இதே டயருக்கு வரம்பு 37 கிலோமீட்டர். மழையில் குணகம் 0.5 ஆகிவிட்டால் 28.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் பக்கத்துச் சாலைகளில் அடிக்கடி விபத்து நடக்கும் வளைவுகளுக்கு “முனி அடிக்கிற இடம்” என்று பெயர் வந்துவிடுகிறது. வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். கும்பிடுகிறவரின் பக்தியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வளைவை அளந்து பார்க்க வேண்டும். போகப் போக ஆரம் சுருங்குகிறதா, சாலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, தார் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே போதும், நிதானமாக வரும் வண்டியும் ஓரத்தைத் தாண்டலாம். பழியை முனி மேல் போட்டுவிட்டால் சாலையைத் திருத்த வேண்டியவர்களை யாரும் கேட்பதில்லை.

பொதுப்பணத்தில் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் 11.3 கிலோமீட்டர் அதிவேகத் தடமும், நம் ஒரகடத்தில் வாகன ஆய்வு மையமும் கட்டியிருக்கிறோம். அவை வண்டிகளைச் சோதிக்கத் தேவையானவை. ஓட்டுகிறவர் தன் டயர் எப்போது பிடி விடுகிறது என்று ஆபத்தில்லாமல் தெரிந்துகொள்ள மதுரையைச் சுற்றி ஓர் இடம் இல்லை. 60 மீட்டர் விட்டத்தில் ஒரு கான்கிரீட் வட்டம், நனைக்கத் தண்ணீர்க் குழாய், அவ்வளவு போதும். வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலையும் திருப்பரங்குன்றத்தில் பெயர்பெற்ற பொறியியல் கல்லூரியும் இருக்கும் ஊர் இது. இங்கே அப்படி ஒரு வட்டம் அமைத்து, உரிமம் கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் ஈரத்தில் ஒருமுறை முழு பிரேக் பிடிக்க வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது கேள்வி, பெடல். 120 கிலோமீட்டரிலிருந்து 60க்கு இறக்கும் ஒவ்வொரு முறையும் நம் கார் சுமார் 458 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக்குகிறது. அதில் 70 சதவீதம் முன் பிரேக்குகளுக்குப் போகிறது. 5 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் ஒவ்வொன்றும் ஒரே மிதியில் 70 டிகிரி சூடேறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். வெப்பம், டிஸ்க்கை அழுத்தும் பேட், அதைத் தாங்கும் காலிப்பர் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 என்ற தரவகைப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பின் தரநிர்ணயம் கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை முடியும். மிதித்ததெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும். பெடல் உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடாகித் தன் உராய்வை இழந்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நான்கு பேரோடு கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும் கார், எஞ்சின் பிரேக்கே பயன்படுத்தாவிட்டால், இதுபோல் பல மிதிகளின் வெப்பத்தைத் தன் டிஸ்க்குகளில் ஏற்றுகிறது. மலையிறக்கத்தில் இரண்டாவது கியர் போடச் சொல்வது இதனால்தான்.

டிராக்குக்குப் போவதற்கு முன் சீல் உடைக்காத டின்னிலிருந்து புது டாட் 4 ஊற்றி, நாலு வீலிலும் பிரேக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றிவிடுங்கள். பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். வீல் நட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டர். தரை மிதியடி, தண்ணீர் பாட்டில், ஜாக்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். பெடலுக்கு அடியில் ஒரு பாட்டில் உருண்டால் போதும். குளிர்ந்த டயரில் 32 பிஎஸ்ஐ இருந்தது, உள்காற்று 75 டிகிரிக்குப் போனால் 39ஐ நெருங்கும். அதனால் ஓடி முடித்து உள்ளே வந்த உடனே அளந்துதான் காற்றைச் சரிசெய்ய வேண்டும். ஆறிய பிறகு அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்க்கைக் காற்றில் ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போட வேண்டாம். கொதிக்கும் இரும்பை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் டிஸ்க்கில் பேட் ஒட்டித் திட்டாகும், டிரம் பிரேக்கில் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். முன் டயரின் வெளியோரத்தைத் தடவிப் பாருங்கள். நடுவைவிட ஓரம் அதிகமாக உரிந்திருந்தால் ஸ்டீயரிங் லேசான பிறகும் ஒடித்திருக்கிறீர்கள், அல்லது காற்று குறைவு. ஒருமுறை கொதித்த ஆயில், ஆறியதும் பெடல் மேலே வந்தாலும், பழைய நிலைக்குத் திரும்பாது. தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக மதுரைக்குக் கிளம்பும் முன் கோவையிலேயே அதை மாற்றிவிடுங்கள்.