‘வெட்லேண்ட்’ என்றால் நன்செய்யா, ஈரநிலமா?

காஞ்சிபுரம் அருகே, சென்னையின் இரண்டாவது விமான நிலையமாகத் திட்டமிட்டிருக்கும் பரந்தூர் விமான நிலையத்துக்காக எடுக்கப்படும் நிலத்தைப் பற்றி எழுதும் ஆங்கிலச் செய்திகளில் ‘வெட்லேண்ட்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. அதைத் தமிழில் தரும்போது சிலர் ‘சதுப்பு நிலம்’ என்று போட்டுவிடுகிறார்கள். திட்டப் பகுதிக்குள் வரும் ஏகனாபுரம் கிராமத்தில் யாரும் தன் வயலைச் சதுப்பு நிலம் என்று சொல்ல மாட்டார்கள். அது நஞ்சை, அவ்வளவுதான். ஆனால் இந்தக் குழப்பத்தைச் சாதாரண மொழிபெயர்ப்புப் பிழை என்று விட்டுவிட முடியாது. ஒரு நிலத்துக்கு எந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, எதன் பாதுகாப்பு கிடையாது என்பதே இந்தச் சொல்லில்தான் நிற்கிறது.

முதலில் வருவாய்த்துறையின் பொருள். நில உரிமைக் கணக்கான சிட்டா ஒன்றை எடுத்துப் பாருங்கள். புல எண், உட்பிரிவு, அப்புறம் நன்செய், புன்செய், மற்றவை என்று கட்டங்கள்; ஒவ்வொன்றின் கீழும் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில், தீர்வை ரூபாய்-பைசாவில். ஆங்கிலேயர் காலத்தில் விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி நிலவரித் திட்டத்தில் ‘வெட்’ என்றும் ‘டிரை’ என்றும் எழுதியது இந்த நன்செய்யையும் புன்செய்யையும்தான். ‘செய்’ என்றால் பழந்தமிழில் வயல். ஏரி, கால்வாய் போன்ற பாசன ஆதாரம் உள்ள நல்ல வயல் நன்செய். மழையையோ கிணற்றையோ நம்பியிருப்பது புன்செய். பேச்சில் இவை நஞ்சை, புஞ்சை ஆயின. ஆக, வருவாய்க் கணக்கின் ‘வெட் லேண்ட்’ வரி விதிப்பதற்கு வைத்த பெயர். அங்கே கொக்கு வருகிறதா, தவளை இருக்கிறதா என்ற கேள்வியே அதில் கிடையாது.

சூழலியலாளர்கள் சொல்லும் ‘வெட்லேண்ட்’ வேறு. சேற்று நிலம், கழிமுகம், ஆழமில்லாத ஏரி என்று தனித்தனிப் பெயரில் இருந்தவற்றை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த கலைச்சொல் அது. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை 1956-ல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பு இந்தச் சொல்லைப் பரப்பியதில் முக்கியமானது. 1971 பிப்ரவரி 2-ம் தேதி ஈரானில், காஸ்பியன் கடலோரம் உள்ள ராம்சார் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் வரையறை மிக விரிவானது. இயற்கையானதோ செயற்கையானதோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நீர் நிற்பதோ ஓடுவதோ, நன்னீரோ உவர்நீரோ, எல்லாம் சேரும். கடல் நீர் உள்வாங்கியிருக்கும்போது ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் இல்லாத கடற்பகுதியும் சேரும். 2008-ல் தென் கொரியாவின் சாங்வோனில் கூடிய உறுப்பு நாடுகள் நெல்வயலையும் ஈரநில அமைப்பாகவே கருதித் தனித் தீர்மானம் போட்டன. இந்தியா 1982-லிருந்து இந்த உடன்படிக்கையில் இருக்கிறது.

இந்த விரிந்த பொருளுக்குத் தமிழில் ‘சதுப்பு நிலம்’ போதாது. சேறு சதசதவென்று இருக்கிறது என்கிறோமே, அதோடு ஒலியிலும் பொருளிலும் நெருங்கிய சொல் சதுப்பு. கால் வைத்தால் புதையும் நிலத்துக்குத்தான் அது பொருந்தும். பள்ளிக்கரணைக்குச் சரி, பிச்சாவரத்துக்கும் சரி. கரை கட்டி மதகு வைத்த ஒரு ஏரியைச் சதுப்பு நிலம் என்றால் ஊரில் யாருக்கும் புரியாது. வட்டார வழக்கில் ‘கழுவெளி’ என்ற அழகான சொல் இருக்கிறது. மரக்காணம் பக்கத்துக் கழுவெளியின் பெயரிலேயே அது வாழ்கிறது. ஆனால் அதுவும் ஒரு வகை நீர்ப்பரப்பைத்தான் குறிக்கும். பழைய சொல்லான ‘பழனம்’ வயலையும் நீர்சார்ந்த நிலத்தையும் சேர்த்துத் தொடுவதால் எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது கடினம்.

அதனால் ‘ஈரநிலம்’ என்ற சொல்லே சரி என்பது என் முடிவு. அரசும் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. மாநிலத்தில் ஈரநில ஆணையம், ஈரநில இயக்கம் என்றே பெயர். ‘ஈர்’ என்ற அடிச்சொல்லுக்குக் குளிர்ச்சி, நெய்ப்பு, ஈரம் என்ற பொருள்கள் உண்டு. ஈரம் என்றால் அன்பு என்ற பொருளும் பழையது, ‘ஈர மனசு’ என்று இன்றும் சொல்கிறோம். கலைச்சொல்லாக இதன் பலம் வேறொன்று: தண்ணீர் எவ்வளவு, எப்போது, யார் தேக்கியது என்றெல்லாம் கேட்காமல் எல்லா வகையையும் உள்ளே விடுகிறது.

சட்டம் அப்படி உள்ளே விடவில்லை. இங்கேதான் விமான நிலையச் சிக்கல் வருகிறது.

மத்திய அரசின் 2010-ம் ஆண்டு ஈரநில விதிகளில் ஏரி, நீர்த்தேக்கம், குளம், மனிதர் உருவாக்கிய ஈரநிலம் எல்லாம் வரையறைக்குள் இருந்தன. நெல்வயல், ஆற்றின் முதன்மைப் படுகை, கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையில் வரும் கடலோர ஈரநிலம் ஆகியவை வெளியே. அந்த விதிகளை நீக்கிவிட்டு வந்த 2017-ம் ஆண்டு விதிகள், முதல் பாதியில் ராம்சார் வரையறையை அப்படியே சொல்கின்றன. ‘இயற்கையானதோ செயற்கையானதோ’ என்பது வரை. பின்பாதியில் ஒரு விலக்குப் பட்டியல். ஆற்றுப் படுகை, நெல்வயல், குடிநீருக்கென்றே கட்டிய நீர்நிலை, மீன் வளர்ப்பு, உப்பு, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்கென்றே கட்டிய அமைப்பு, இவை எதுவும் ஈரநிலம் ஆகாது.

பாசனம் என்ற அந்த ஒரு சொல் தமிழ்நாட்டை என்ன செய்கிறது என்று யோசியுங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க ஏரிகள். பெரும்பாலானவை பாசனத்துக்காக நம் முன்னோர் கரை போட்டவை. ஒவ்வொரு ஏரியிலும் கலங்கல் என்று ஒரு பகுதி உண்டு. கரையைவிடத் தாழ்வாகக் கல்லடுக்கிக் கட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் ஏரி நிறைந்தால் தண்ணீர் கலங்கல் வழியே வழிந்து, போக்குக்காலில் இறங்கி, கீழேயுள்ள அடுத்த ஏரியின் வரத்துக்காலாக மாறும். ஒரு ஏரியின் உபரிதான் இன்னொரு ஏரியின் வரவு. நடுவில் ஒன்றை மூடினால் மேலே உள்ள ஊர் வெள்ளத்தில் நிற்கும், கீழே உள்ள ஊர் காயும். இத்தனையும் இருந்தும், 2017 விதிகளின்படி பார்த்தால் இது ‘கட்டமைப்பு’, ஈரநிலம் இல்லை என்று வாதிட இடம் இருக்கிறது.

வேடந்தாங்கலைப் பாருங்கள். தாங்கல் என்றாலே சிறு ஏரி. பாசனத்துக்கான ஏரிதான் அது. பக்கத்திலுள்ள கரிக்கிலியும் அப்படியே. இரண்டும் 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதால் விதிகள் அவற்றைக் காக்கின்றன. அதே மாதிரிக் கரையும் மதகும் உள்ள, பட்டியலில் ஏறாத ஏரிக்கு அந்தக் காவல் கிடையாது. உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில், செயற்கைக்கோள் வழியே கணக்கெடுத்த 2,01,503 ஈரநிலங்களை 2010 விதிகளின் கோட்பாட்டின்படி காக்கச் சொன்னது. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை அவை. அந்தக் கணக்கெடுப்பு ஏரி குளங்களையும் ஒரு வகையாகச் சேர்த்திருந்தது. வழக்கு நடத்துபவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கிளை இது என்று நினைக்கிறேன்.

பரந்தூருக்கு வருவோம். 2022-ல் அறிவித்த திட்டம். இப்போதைய அளவு சுமார் 5,700 ஏக்கர். ஏகனாபுரம் மக்கள் அந்த ஆண்டிலிருந்தே போராடுகிறார்கள். கிராம சபைகளில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பாலாற்று நீரைப் பல ஏரிகளுக்குக் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் திட்டப் பகுதியின் ஊடே போகிறது. திட்டத்தில் வரும் ஊர்களின் பெயரைப் பாருங்கள்: நெல்வாய், மேலேரி. அரசு நிலம் என்று கணக்கில் எழுதுவதில் ஏரிப் புறம்போக்கும் வாய்க்கால் புறம்போக்கும் அடக்கம். மிச்சத்தில் கணிசமானது நன்செய். ஈரநில விதிகளைக் கொண்டு பார்த்தால் இரண்டுமே விலக்குப் பட்டியலில் போய் விழுகின்றன: வயல் நெல்வயலாக, ஏரி பாசனக் கட்டமைப்பாக. மேலே சொன்ன ராம்சார் பொருளில் கிட்டத்தட்ட எல்லாமே ஈரநிலம். நீரியல் பாதிப்பை ஆராய 2023-ல் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் அரசே ஒரு குழு போட்டது, தண்ணீர்தான் இங்கே மையக் கேள்வி என்பதற்குச் சான்று.

இதில் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும்: ‘நீர்நிலை’. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஏரிக்கு வலுவான காவலாக இருந்திருப்பது இதுதான். 2005-ல் கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னது. ஏரிகளைக் காக்க 2007-ல் தனிச் சட்டமே வந்தது. அதனால் ஈரநிலம் என்ற கதவு அடைத்தாலும் நீர்நிலை என்ற கதவு திறந்திருந்தது. ஆனால் 2023-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களில், உள்ளே ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தாலும் நிலத்தை ஒருங்கிணைக்க வழிசெய்கிறது. இந்தச் சட்டம் எனக்குக் கவலை தருகிறது. தனியார் வளைத்துப் போட்டால் ஆக்கிரமிப்பு, அரசு பெரிய அளவில் எடுத்தால் ஒருங்கிணைப்பு என்றால், கலங்கலில் வழியும் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதானே?

சென்னையின் இப்போதைய விமான நிலையமே ஒரு பாடம். இரண்டாம் ஓடுபாதையை விரிவாக்கியபோது அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி அதன்மேல் கொண்டுபோனார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் விமானங்கள் நின்றன. பக்கத்து ஊரின் பெயர் பழவந்தாங்கல். அங்கும் ஒரு தாங்கல்.

சரி, எழுதும்போது எதை எங்கே போடுவது? சிட்டாவிலோ கையகப்படுத்தல் அறிவிப்பிலோ ‘வெட்’ என்று வந்தால் நன்செய் என்றே எழுதுங்கள். சூழலியல் பொருளில் வந்தால் ஈரநிலம். சேற்று நிலத்துக்கு மட்டும் சதுப்பு நிலம். விமான நிலையத் திட்டம் குறித்த கருத்துக்கேட்புக்கு மனு கொடுப்பவர்கள் ஏரியை ஏரி என்று எழுதி, புல எண்ணையும் ஆயக்கட்டுப் (அந்த ஏரியால் பாசனம் பெறும் நிலம்) பரப்பையும், எந்த ஏரியின் கலங்கலிலிருந்து தண்ணீர் வருகிறது, எந்த ஏரிக்குப் போகிறது என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. ‘இங்கே ஈரநிலங்கள் உள்ளன’ என்று பொதுவாகச் சொன்னால், வரையறையைக் காட்டி ஒரே வரியில் தள்ளிவிட முடியும். புல எண் போட்ட வாய்க்காலை அப்படித் தள்ள முடியாது. அதற்கு அவர்கள் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.