கேலிபரேஷன்: அளவுத்திருத்தமா, அளவொப்பீடா?

பழைய வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நண்பரின் கடை. மே மாத மதியம், ஏ.சி. கிடையாது. சுவரில் தொங்கிய வெப்பமானி 35 டிகிரி காட்டியது. மேசையில் சும்மா ஓடிக்கொண்டிருந்த பழைய இன்டெல் கோர் 2 பிராசஸர் கம்ப்யூட்டரின் திரையிலோ பிராசஸர் வெப்பம் 29. "கூலர் சூப்பர்ணா" என்றான் கடைப் பையன். வெறும் ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் பொருள் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்கவே முடியாது. நண்பர் சிரித்துவிட்டு, "கேலிபரேஷன் போச்சு" என்றார்.

கருவி காட்டும் அளவைத் தெரிந்த அளவோடு ஒத்துப் பார்ப்பதுதான் கேலிபரேஷன். இந்தச் சொல்லின் தடத்தைப் பிடித்துப் போனால் செருப்புத் தைப்பவரிடம் போய் நிற்போம். கிரேக்கத்தில் 'கலோபூஸ்' என்றால் மரப்பாதம். செருப்பைப் பொருத்திப் பார்க்கும் கட்டை. அது அரபியில் 'காலிப்' ஆகி, வார்ப்பு அச்சைக் குறித்தது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய் 'காலிபர்', அதாவது துப்பாக்கிக் குழாயின் உள்விட்டம், ஆனது என்பதுதான் அகராதிகள் பொதுவாகச் சொல்லும் வழி. 19ஆம் நூற்றாண்டில் வெப்பமானியின் கண்ணாடிக் குழாய் உள்ளே ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஆக, வெப்பத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு பழையது.

தமிழில் பரவலாக 'அளவுத்திருத்தம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசிமேட்டு மீன் கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சரியான 5 கிலோ படிக்கல்லை வைக்கிறோம், 5.020 என்று காட்டுகிறது. 20 கிராம் கூடுதல் என்று குறித்துக்கொள்வதோடு கேலிபரேஷன் முடிந்தது. தராசை 5.000 காட்டும்படி மாற்றுவது தனி வேலை, அதுதான் திருத்தம். தொழிலாளர் துறையில் ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போடுகிறார்களே, அது மூன்றாவது: பிழை சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் இருக்கிறதா என்கிற சரிபார்ப்பு. தெரிந்த அளவோடு ஒத்துப் பார்ப்பதற்கு 'அளவொப்பீடு' என்பதே பொருந்தும்.

பிராசஸருக்குள் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். இரு வகைச் சிலிக்கான் சேரும் இடமான சந்தி ஒன்றின் மின்னழுத்தம் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைவதை வைத்து அங்கே சென்சார் வேலை செய்கிறது. ஒப்பீடு ஆலையிலேயே முடிந்துவிடும். ஆனால் இன்டெல் சென்சார் "இத்தனை டிகிரி" என்று சொல்வதில்லை. "எல்லைக்கு இன்னும் இத்தனை டிகிரி பாக்கி" என்று சொல்கிறது. எல்லை என்பது, சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் வெப்பம். எல்லை 100, பாக்கி 40 என்றால் மென்பொருள் கழித்து 60 காட்டும். ரயிலில் போகிறவர் போனில் "இறங்க இன்னும் ரெண்டு ஸ்டேஷன்" என்கிற மாதிரிதான். எண்ணூரில் இறங்குபவர் என்றால் விம்கோ நகரில் இருக்கிறார். கும்மிடிப்பூண்டி என்றால் பொன்னேரியில்! கோர் 2 வந்த புதிதில் அந்த எல்லை எவ்வளவு என்றே வெளியில் தெரியாது. 2008இல் இன்டெல் எண்களை வெளியிடும் வரை மென்பொருள்கள் குத்துமதிப்பாக 85, 100, 105 என்று வைத்துக்கொண்டன. ஒரே பிராசஸருக்கு இரண்டு மென்பொருள் இரண்டு வெப்பம் காட்டியது அதனால்தான்.

சென்சாரை வைத்ததே பிராசஸர் சூடேறிக் கெடாமல் காக்கத்தான். அதனால் எல்லைக்குப் பக்கத்தில் கணக்கு நன்றாக இருக்கும், கீழே போகப் போகப் பிசகும். அந்தக் காலத்துச் சில பிராசஸர்களில் குறைந்த வெப்பத்தில் சென்சார் ஒரே எண்ணிலேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே நண்பர் சொன்ன "போச்சு" சரியில்லை. குறைந்த வெப்பமுள்ள அந்தக் கோடியில் துல்லியம் முதலிலிருந்தே இல்லை.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் கதை வேறு. 2017இல் வந்த அதன் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசஸர்கள் இரண்டும் ஃபேன் கட்டுப்பாட்டுக்காக 20 டிகிரியை வேண்டுமென்றே கூட்டிச் சொல்லும். 58 என்றால் உண்மையில் 38. தெரியாமல் பலர் கூலரை மாற்றினார்கள், பாவம். இங்கே பிழை என்று எதுவும் இல்லை, கழிக்கத் தெரிந்தால் போதும்.

நண்பர் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு முழுச் சுமை கொடுத்து ஓடவிட்டார். பத்து நிமிடத்தில் எண் 91-க்கு ஏறியது. "இப்ப சொல்றதை நம்பலாம்" என்று சொல்லிவிட்டு, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவும் பேஸ்ட் டியூபை எடுத்து வரும்படி பையனிடம் சொன்னார்.