நோயாளியின் செல்லே மருந்து: புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுகள் நடக்கும் விதம்

வழக்கமான மருந்து ஆய்வில் மருந்து முதலில் தயாராகும். நோயாளிகளை அப்புறம் சேர்ப்பார்கள். நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டென்ட்ரிடிக் செல்லைக் கொண்டு செய்யும் தடுப்பூசி ஆய்வில் இந்த வரிசை தலைகீழ். நோயாளி சேர்ந்து, அவர் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்த பிறகுதான் மருந்தே உருவாகத் தொடங்குகிறது. அதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

தடுப்பூசி என்று பெயர் இருந்தாலும், இது ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தரும் சிகிச்சை. டென்ட்ரிடிக் செல்களை 1973இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டெய்ன்மனும் சான்வில் கோனும் விவரித்தார்கள். இந்தச் செல்கள் அந்நியப் புரதங்களை விழுங்கி, துண்டாக்கி, அந்தத் துணுக்குகளை டி செல்கள் என்ற தாக்கும் வெள்ளணுக்களுக்குக் காட்டும். அடையாளம் தெரிந்துகொண்ட டி செல்கள் பெருகித் தாக்கும். புற்றுக்கட்டியோ தன்னைச் சுற்றியுள்ள டென்ட்ரிடிக் செல்களை மழுங்கடித்துவிடுகிறது. அதனால்தான் அவற்றை உடலுக்கு வெளியே வளர்த்து, புற்றின் புரதத்தை ஊட்டி, திரும்பச் செலுத்துகிறார்கள்.

இதில் எல்லாமே நேரக்கணக்கு. புராஸ்டேட் புற்றுக்கான சிபுலியூசெல்-டி சிகிச்சையையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி வெள்ளணுக்களைப் பிரித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஏறத்தாழ மூன்று நாள் கழித்து, தயாரான செல்கள் அடங்கிய பை திரும்பி வரும். அதன் ஆயுள் 18 மணி நேரம்தான். பையில் கிருமி இல்லை என்பதை முழுதாக உறுதிசெய்யும் சோதனைக்கு 7 நாள் வேண்டும்; அதுவரை செல்கள் தாங்காது. ஆகவே விரைவுச் சோதனைகளை நம்பிச் செலுத்திவிட்டு, பின்னால் கிருமி தெரிந்தால் மருத்துவருக்குத் தகவல் சொல்கிறார்கள். நோயாளிக்குக் காய்ச்சல் வந்தாலோ விமானம் தாமதித்தாலோ அந்தப் பை வீணாகலாம். செல் எடுப்பதை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பையிலுள்ள அடையாளமும் நோயாளியும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் சரிபார்ப்பதும் ஆய்வை நடத்தும் ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு.

கட்டியிலிருந்தே புரதம் எடுக்கும் ஆய்வுகளில் வேலை அறுவை சிகிச்சைக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. அகற்றிய கட்டியை வழக்கம்போல் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் அது தடுப்பூசிக்கு உதவாது. ஒப்புதலை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும், அறுவை அரங்கில் இருப்பவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஆய்வு எதற்கு, நேரே சிகிச்சை கொடுக்கலாமே என்று தோன்றலாம். ஸ்டெய்ன்மனே கணையப் புற்றுநோய்க்கு ஆளாகி, தன் செல்களில் செய்த தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டவர். 2011 செப்டம்பர் 30 அன்று, அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு காலமானார். நோய் தெரிந்தபின் நாலாண்டுக்கும் மேல் வாழ்ந்தார். மற்ற சிகிச்சைகளும் எடுத்துக்கொண்டதால், அதில் தடுப்பூசியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒப்பிட ஒரு குழு வேண்டும்.

அந்த ஒப்பீடுதான் இந்தத் துறையின் மிகக் கடினமான பகுதி என்பேன். சிபுலியூசெல்-டி ஆய்வில் இருந்த 512 பேரில் பிளாசிபோ (ஒப்பிடுவதற்காகத் தரும் போலி மருந்து) குழுவினருக்கும் வெள்ளணுக்களை எடுத்தார்கள். இல்லாவிட்டால் யார் எந்தக் குழு என்பது உடனே வெளிப்பட்டுவிடும். அவர்களுக்குத் திரும்பச் செலுத்தியது புரதம் ஊட்டாத செல்கள். இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், தடுப்பூசிக் குழுவில் 25.8 மாதம், மற்றதில் 21.7 மாதம். 2010இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் தந்தது.

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப்புற்றுக்கான டிசிவேக்ஸ்-எல் ஆய்வுக்கு இந்தத் தெளிவு வாய்க்கவில்லை. 331 பேர் சேர்ந்தார்கள். நோய் மீண்டும் வந்தால் பிளாசிபோ குழுவினரும் தடுப்பூசி பெறலாம் என்பது விதி. இரக்கமான விதி, நானும் அதைத்தான் ஆதரிப்பேன். ஆனால் கடைசியில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் தடுப்பூசி பெற்றிருந்தார்கள். போதாக்குறைக்கு, நோயெதிர்ப்புச் செல்களால் வரும் வீக்கம் ஸ்கேனில் கட்டி வளர்ந்தது போலவே தெரியும் என்பதால், நோய் முற்றியதா என்பதையும் நம்பி அளக்க முடியாது. எனவே 2022இல் வெளியான முடிவுகளில், பிற ஆய்வுகளின் நோயாளிகளோடு ஆயுளை ஒப்பிட்டார்கள். தடுப்பூசிக் குழுவில் 19.3 மாதம், பிற ஆய்வுகளின் நோயாளிகளில் 16.5 மாதம் என்ற வித்தியாசம் கிடைத்தது. ஆனால் வெவ்வேறு ஆய்வுகளில் சேர்ந்தவர்களின் உடல்நிலை ஒன்றாக இருந்ததா என்று விமர்சகர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கு உறுதியான பதிலைத் தரக்கூடிய குழு அந்த ஆய்வுக்குள் மிஞ்சியிருக்கவில்லை.