ஜிடால் எங்கே சிக்குகிறது?

மதுரையில் வண்டியூர் கண்மாயின் பரப்பு எவ்வளவு, மாடக்குளத்தில் எந்த மாதம் வரை நீர் நின்றது என்று பார்க்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். கண்மாய்க்கு அது தாராளம். அவற்றை அலசும் நிரல் எழுத உதவும் பைத்தான் மொழியும் இலவசம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் கண்மாய்க் கரை வரை போவதே இல்லை. வரைபட, செயற்கைக்கோள் படக் கோப்புகளைத் திறக்கும் ஜிடாலை நிறுவ, பைத்தானின் நிறுவல் கருவியான பிப்பில் 'பிப் இன்ஸ்டால் ஜிடால்' என்று அடித்த இடத்திலேயே திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

பைத்தானைத் திட்டிப் பயனில்லை. ஜிடால், ஃபிராங்க் வார்மர்டாம் 1998-ல் எழுதத் தொடங்கிய சி++ மொழி லைப்ரரி, அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. வடிவங்களைக் கையாளும் பைத்தான் பொதியான ஷேப்லிக்கு அடியில் இருப்பது ஜியாஸ், அதுவும் சி++. ஆயங்களை ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பைப்ராஜுக்கு அடியில் ப்ராஜ். 1980-களில் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தில் உருவானது. எல்லைக்கோடுகளை அட்டவணையாகக் கையாளும் ஜியோபாண்டாஸ் இவை மூன்றின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. நாம் பார்க்கும் பைத்தான் வெறும் மேல்தோல்தான். சிக்கல் பெரும்பாலும் கீழே இருக்கிறது.

பிப் இரண்டு விதமாகப் பொருளைக் கொண்டுவரும். 'வீல்' என்பது கடையில் வாங்கும் ஆட்டிய மாவு. வந்ததும் தோசை ஊற்றலாம். மூலநிரல் பொதி என்பது அரிசியும் உளுந்தும். கிரைண்டர் நம் வீட்டில் இருக்க வேண்டும். ஜிடால் பொதி பிப்பில் மூலநிரலாகத்தான் வருகிறது. அதை ஆட்ட, மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் சி++ கம்பைலர் வேண்டும், ஜிடாலின் தலைப்புக் கோப்புகளும் (ஹெடர்) வேண்டும். இல்லையென்றால் 'ஜிடால்-கான்ஃபிக்' கிடைக்கவில்லை என்று புலம்பும். அந்த வரி சிவப்புக் குவியலின் நடுவில் எங்கேயோ கிடக்கும். கடைசி வரியில் பொதுவான தோல்விச் செய்தி மட்டும் இருக்கும். கடைசி வரியைத் தேடுபொறியில் போடுவதில் அர்த்தமில்லை. மேலே போய் முதல் புகாரைப் பிடியுங்கள்.

இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: உங்களுக்கு ஜிடால் பொதி நிஜமாகவே தேவையா? படத்தைத் திறக்க ரேஸ்டீரியோ என்ற பொதி போதும், எல்லைக்கோடுகளுக்கு ஜியோபாண்டாஸ் போதும். ரேஸ்டீரியோவின் வீலுக்குள்ளும், ஜியோபாண்டாஸோடு சேர்ந்து வரும் பையோக்ரியோவின் வீலுக்குள்ளும் ஜிடால் அடைக்கப்பட்டே வருகிறது. பாதிப் பேர் தேவையில்லாத ஒன்றோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வீல் இருந்தும் பிப் மூலநிரலைத் தேடிப் போகிறதென்றால் பைத்தான் பதிப்பைப் பாருங்கள். ஒவ்வொரு வீலும் குறிப்பிட்ட பைத்தானுக்கும் இயங்குதளத்துக்கும் கட்டப்பட்டது. பெயரில் 'சிபி312' என்று இருந்தால் அது 3.12-க்கு. நேற்று வெளியான பைத்தானுக்கு வீல் இன்னும் வந்திருக்காது. 'விஷுவல் சி++ 14.0 தேவை' என்ற செய்தியை நம்பி பல ஜிபி இறக்க வேண்டாம். ஒரு பதிப்பு பழைய பைத்தானில் தனிச் சூழல் ஒன்று உருவாக்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஜிடாலே வேண்டும் என்றால், பிப்புக்குப் பதில் காண்டா என்ற நிறுவல் கருவியும் அதன் பொதிக் களஞ்சியமான காண்டா-ஃபோர்ஜும்தான் நிம்மதி. அது சி++ அடித்தளத்தையும் சேர்த்துப் பொருத்தமாகக் கொண்டுவரும். உபுண்டுவில் செய்வதானால் முதலில் 'லிப்ஜிடால்-டெவ்', அப்புறம் அதே பதிப்பு எண்ணுள்ள பைத்தான் பொதி. காண்டாவையும் பிப்பையும் ஒரே சூழலில் கலந்தால் இரண்டு ஜிடால்கள் மோதிக்கொள்ளும்.

மோதல் சத்தமில்லாமலும் நடக்கும். ப்ராஜ் 2019-ல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து ஆயமுறை விவரங்களை 'ப்ராஜ்.டிபி' என்ற கோப்பில் வைத்திருக்கிறது. விண்டோஸில் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தள நீட்சியை நிறுவியிருந்தால் 'ப்ராஜ்_லிப்' என்ற சூழல் மாறி (கணினி எல்லா நிரல்களுக்கும் சொல்லும் அமைப்பு) அதன் பழைய கோப்பைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அந்த மாறியை நீக்கினால் பாதிப் புதிர் அவிழும்.

நிறுவியதும் மதுரையை வைத்தே சோதிக்கலாம். வட அகலாங்கு 9.92, கிழக்கு நெட்டாங்கு 78.12, இதை, பூமியை நெட்டாங்கு வாரியாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது ஆயமுறைகளுக்கான இபிஎஸ்ஜி எண் 32644-க்கு மாற்றுங்கள். கிழக்குத் தூரம் சுமார் 1,84,000 மீட்டரும் வடக்குத் தூரம் சுமார் 10,98,000 மீட்டரும் வர வேண்டும். சம்பந்தமில்லாத எண் வந்தால் அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியிருக்கும்; அப்படி மாற்றிப் படித்தால் மதுரை, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். பைப்ராஜில் 'ஆல்வேஸ்_எக்ஸ்ஒய்' என்பதை இயக்கினால் நெட்டாங்கு முதலில் என்ற வரிசை உறுதியாகும்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. யுடிஎம் 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரிக் கோடு மதுரைக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. உசிலம்பட்டியும் வைகை அணையும் 43-ல், மதுரை நகரம் 44-ல். பக்கத்துப் பக்கத்துச் சென்டினல் படங்கள்கூட வேறு மண்டலத்தில் வரலாம். இரண்டையும் ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் 44-க்கே மாற்றிவிடுங்கள். வைகை அணை வரை போனாலும் நீளத்தில் வரும் பிழை ஆயிரத்துக்கு ஒன்றரைக்கும் குறைவு.