பதினைந்து பேர் போன வான்தானே என்று சொல்லாதீர்கள்

வானை வீடாக்கி றோட்டிலேயே வாழப்போகிறோம் என்று வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் எங்கள் கராஜ் வாசலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணை, பதினைஞ்சு பேர் போற வான் இது. ஒரு கட்டிலும் குசினியும் இதுக்கு ஒரு பாரமே?"

பாரம்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். போன மாதம் இங்கே வன்னியில், கனகராயன்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் பின் வலது ரயர் வெடித்து, எதிர்ப்பக்கத்துக்கு இழுபட்டுப் போய் நின்ற ஒரு வானைக் கட்டியிழுத்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஏ9 வீதியில் அந்த நேரம் எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் இரண்டும் பின் கட்டிலில் படுத்திருந்திருக்கிறார்கள். நல்லகாலம், ஒருவருக்கும் பெரிய காயமில்லை. உள்வேலை உண்மையிலேயே வடிவான வேலை, ஒரு அலுமாரிக் கதவுகூட அசையவில்லை. ஆனால் அந்த வான் தாங்கக்கூடிய பாரம் எவ்வளவு என்று கட்டினவரும் பார்க்கவில்லை, கட்டுவித்தவரும் கேட்கவில்லை.

பதினைந்து பேர் என்றால் 900 கிலோ என்று எனக்குக் கணக்குக் காட்டுகிறார்கள். கூட்டல் சரி. ஆனால் அந்தப் பதினைந்து பேரும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள். வீடு வந்தால் இறங்கிப் போய்விடுவார்கள். இரவு முழுக்க வான் வெறுமையாக நிற்கும். நீங்கள் கட்டுகிற கட்டிலும் குசினியும் இறங்கப்போவதில்லை. இருபத்துநான்கு மணி நேரமும், வருடம் முழுக்க, அதே ஸ்பிறிங்கிலும் அதே ரயரிலும்தான் அந்தப் பாரம் இருக்கும். இன்னொன்று, ஆட்கள் இருபக்கமும் பரவி இருப்பார்கள். எங்கள் நாட்டு வான்களுக்கு இழுவைக் கதவு இடது பக்கம். அதனால் குசினி, தண்ணீர்த் தாங்கி, பற்றரி, அலுமாரி எல்லாம் வலது பக்கச் சுவரோடுதான் போகின்றன. பாரமானவற்றில் பாதி பின் அக்சிலுக்கும் பின்னால். அந்த வானில் வெடித்தது ஏன் பின் வலது ரயர் என்று இனி நான் விளக்கத் தேவையில்லை.

அப்புறம் யுத்தகாலத்துப் பழைய கதை வரும். "இடம்பெயர்வுக்குள்ள ஒரு ட்ராக்டர் பெட்டியில முழு வீட்டையும் கொண்டு திரிஞ்சனாங்கள்." எனக்கும் தெரியும். கூரைத் தகரம், கதவு நிலை, நெல்மூட்டை, அதற்கு மேலே ஆச்சி. ஆனால் அது செம்மண் றோட்டில் மணிக்கு 15 கிலோமீற்றரில் போனது. இன்றைக்கு நீங்கள் தார் றோட்டில் 60இல் போகிறீர்கள். வேகம் நாலு மடங்கானால், பிரேக் அடக்கவேண்டிய சக்தி பதினாறு மடங்கு. அன்று சரிவந்தது என்பதற்காக இன்றும் சரிவரும் என்று பிள்ளைகளை ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

சரி, கணக்கை எப்படிப் போடுவது? முதலில் வண்டி தாங்கும் மொத்த எடையைக் கண்டுபிடியுங்கள். ஜப்பானில் இருந்து வந்த வண்டி என்றால் ஏற்றுமதிச் சான்றிதழில் வண்டியின் எடையும், ஆட்களோடும் சாமானோடும் சேர்ந்த மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைக்கிற பங்கு. உதாரணத்துக்கு 700 கிலோ என்று வையுங்கள். இரண்டு பேர் 130. நூறு லீற்றர் தண்ணீர் 100. நிறைந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர், இரும்பையும் சேர்த்தால், 25க்கு மேல். 200 அம்பியர்-மணி ஈயப் பற்றரி 60. கூரையில் இரண்டு சோலார் தகடு 45. சின்னக் குளிர்சாதனப் பெட்டி 40. 18 மில்லிமீற்றர் பிளைவூட் பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல் வரும், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் ஆறு பலகை என்றால் 190. மெத்தை, உடுப்பு, சட்டிபானை, அரிசி, திருத்துகிற சாமான் பெட்டி எல்லாம் சேர்த்து 140. கூட்டிப் பாருங்கள், 700ஐத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு விருந்தாளிகூட ஏறவில்லை.

இந்த நிலையில்தான் ஒருவர் முதிரையில் கட்டில் செய்து தரச் சொல்கிறார். முதிரை எங்கள் மண்ணின் மரம், எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் ஒரு கன அடி முதிரை 25 கிலோவுக்கு மேல் நிறுக்கும். பாலை இன்னும் மோசம், தண்ணீரில் போட்டால் தாழ்கிற மரம். அவற்றை வீட்டில் வையுங்கள். வானுக்கு அலுமினியச் சட்டம், 9 அல்லது 12 மில்லிமீற்றர் பிளைவூட், துணித் திரை. இதற்கு மேல் வேண்டாம். ஈயப் பற்றரிக்குப் பதிலாக லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி போட்டால் அதே சக்திக்கு எடை பாதிக்கும் குறையும். விலை கூடத்தான், ஆனால் ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் இழுத்தால் அது சீக்கிரம் செத்துப்போகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நிறுப்பதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பெரிய அரிசி ஆலைகளிலும் பழைய இரும்பு வாங்குமிடங்களிலும் லொறி நிறுக்கிற தராசு இருக்கிறது. தண்ணீரும் டீசலும் நிரப்பி, எல்லாச் சாமானோடும் எல்லா ஆட்களோடும் போங்கள். முதலில் முன் சில்லுகளை மட்டும் ஏற்றி ஒரு அளவு, பிறகு முழு வண்டியையும் ஏற்றி ஒரு அளவு. கழித்தால் பின் சில்லுகளின் பாரம் வந்துவிடும். அதை ரயரில் அளவுக்குப் பக்கத்தில் அடித்திருக்கும் பார எண்ணோடு பாருங்கள். 106 என்றிருந்தால் அந்த ரயர் 950 கிலோ தாங்கும், 104 என்றால் 900. பின் பாரத்தை இரண்டால் பிரித்துவிட்டு நிம்மதியடையாதீர்கள், ஒரு பக்கம் பாரம் கூடுதலாக இருக்கும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. பூ தேயவில்லை என்று பத்து வருட ரயரோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

எந்த வாகனம் என்று கேட்பவர்களுக்கு என் பதில். ஒருவர், சாமான் குறைவு, அடிக்கடி வீட்டுக்குப் போய்வருவார் என்றால் சின்ன வான் போதும். ரொயோட்டா ஹையேஸ், நிசான் கரவன் மாதிரியான நீள வான் இரண்டு பேருக்கு அளவு. ஆனால் கூரை உயராத வானில் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு கிழமைச் சுற்றுலாவுக்கு அது பரவாயில்லை, வருடக்கணக்கில் குனிந்து சமைத்துக் குனிந்து உடுப்பு மாற்றினால் முதுகு தாங்காது. வாங்கும் முன் உள்ளே ஏறி ஒரு மணி நேரமாவது இருந்து பாருங்கள். முழுநேரமாக, அதுவும் பிள்ளைகளோடு வாழ்வதென்றால் நான் கோஸ்டர், றோசா மாதிரியான சின்ன பஸ்ஸைத்தான் சொல்வேன். நீளம் 7 மீற்றர் வரும், பின்னால் இரட்டைச் சில்லு, ஒன்று வெடித்தாலும் மற்றது பிடிக்கும். பாடசாலைப் பிள்ளைகளையும் வேலையாட்களையும் ஏற்றி ஓடுகிற பஸ்கள் என்பதால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பாகம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் அந்த வகைக்குச் செல்லுமா என்று மட்டும் முதலில் பாருங்கள். கனடாவில் இருக்கிற மச்சான் அனுப்பிய படத்தில் இருக்கிற பெரிய வண்டி வேண்டாம். அங்கே தங்குமிடங்களில் மின்சாரமும் தண்ணீரும் கழிவுக் குழாயும் வண்டிக்கே வந்து சேரும். இங்கே நீங்கள் தண்ணீர் பிடிப்பது கோயில் கிணற்றில்.

மீன் ஏற்றிய கூலர் லொறியை மட்டும் வாங்காதீர்கள். முல்லைத்தீவுப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், சுவரில் வெப்பத்தடுப்பு ஏற்கெனவே இருக்கும், எங்கள் வெயிலுக்கு அது ஆசைகாட்டும். வருடக்கணக்கில் உப்பு ஐஸ் தண்ணீர் வடிந்து சசி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், உள்ளே உக்கிப்போயிருக்கும், மேலே புதுக் கறுப்புப் பூச்சு. ஸ்குறூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் திரும்பிவிடுங்கள். 2020இல் இறக்குமதி நின்று 2025இல் திறக்கும் வரை பழைய வண்டிகளையே பூசிப் பூசி விற்றார்கள், அவை இன்னமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

நாலு சில்லும் இழுக்கிற வண்டி எடுத்தால் காட்டுக்குள் எங்கேயும் நிறுத்தலாம் என்று சில தம்பிமார் சொல்கிறார்கள். இது வன்னி. மிதிவெடி அபாயம் என்ற சிவப்புப் பலகை சும்மா நடவில்லை. பழக்கமில்லாத பாதையில் இறங்காதீர்கள். மாரியில் குளத்துக்குக் கீழேயும் வாய்க்கால் கரையிலும் இரவு நிறுத்தாதீர்கள், 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் தண்ணீர் எப்படி ஏறியது என்று ஊராட்களிடம் கேளுங்கள்.

காஸ் காற்றைவிடப் பாரம், தரையில்தான் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டி உட்புறம் மூடியதாகவும், அடியில் வெளிப்பக்கம் ஓட்டை உள்ளதாகவும் இருக்கவேண்டும். ஏசிக்காக எஞ்சினையோ ஜெனரேற்றரையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள், அந்தப் புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட் மணக்காமலே ஆளைக் கொல்லும். கட்டில் பின் கதவை மறிக்கக்கூடாது. பல வான்களில் பின் கதவுக்கு உள்பக்கம் கைபிடியே இல்லை, அதைப் போடுவது அரை நாள் வேலை. ஓடும்போது பிள்ளைகள் கட்டிலில் அல்ல, பட்டி போட்ட இருக்கையில். எல்லா இருக்கையையும் கழற்றச் சொல்லி வந்தால் இனி நான் கழற்றமாட்டேன். மாற்றம் செய்யும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வண்டி பார்க்கத் தொடங்கும் முன்பு உள்ளே என்னென்ன ஏறப்போகிறது என்று ஒரு கொப்பித் தாளில் எடையோடு எழுதுங்கள். முற்பணம் கொடுப்பதற்கு முதல் அந்தத் தாளோடு எங்கள் கராஜுக்கோ உங்களுக்குத் தெரிந்த வேறு ஒரு கராஜுக்கோ போய்க் காட்டுங்கள். கூட்டிப் பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.